மகளைக் கத்தோலிக்கப் பெண்கள் ஹைஸ்கூலில் சேர்க்கலாமா? (சான் ஹோசே, கலிபோர்னியா)

எட்டாம் வகுப்பு அம்மா:

வணக்கம். மகள் அடுத்த வருடம் ஹைஸ்கூல் போகிறாள். எங்கள் முகவரிக்கு வரும் அரசுப் பள்ளி நல்ல பள்ளிதான், ஆனால் இவள் தோழியோடு ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அங்கேதான் போகணும் என்கிறாள். 'காலேஜ் ப்ரெப்', அதாவது கல்லூரிக்குத் தயார்படுத்தும் பள்ளி என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கட்டணம் வருடத்துக்கு 20,000 டாலருக்கு மேல். நாங்கள் இந்துக்கள். பாளையங்கோட்டையிலிருந்து மாமியார் தினமும் போன் போட்டு, "பிள்ளையை வேதத்தில் சேர்த்துவிடுவார்கள்" என்று கலங்குகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஃப்ரீமான்ட் அப்பா:

என் இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். யூசி, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகம், சேர்க்கைக்குக் கேட்பது ஏ-ஜி என்ற 15 பாடங்கள். அது அரசுப் பள்ளியிலும் கிடைக்கிறது. நான்கு வருடக் கட்டணத்தை 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் போட்டால் கல்லூரிக்கு ஆகும்.

மயிலாப்பூர் அம்மா:

என் மகள் இங்கே ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் நான்கு வருடம் படித்து முடித்தாள். நாங்களும் இந்துக்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மாமியாரின் பயம். மதப் பாடம் நான்கு வருடமும் உண்டு, அது கட்டாயம். விவிலியம் படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும். பள்ளியில் நடக்கும் திருப்பலிக்கும் (மாஸ் வழிபாடு) எல்லாரும் போய் உட்கார வேண்டும். அதில் தரும் நற்கருணை அப்பம் கத்தோலிக்கருக்கு மட்டும். மற்ற பிள்ளைகள் இடத்திலேயே இருக்கலாம், அல்லது வரிசையில் போய்க் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் ஆசீர்வாதம் மட்டும் தருவார்கள். என் மகள் இரண்டையும் செய்திருக்கிறாள். மதம் மாறச் சொல்லி அவளிடம் ஒருவரும் பேசியதில்லை. பதினொன்றாம் வகுப்பில், வீட்டில் ஒரு பெரியவரிடம் பிரார்த்தனை பற்றிக் கேட்டு எழுதி வா என்றார்கள். இவள் மயிலாப்பூரில் இருக்கும் என் அம்மாவை அழைத்தாள். அவர் ஒன்றரை மணி நேரம் திருப்பாவை சொல்லிக்கொடுத்தார். என்னிடம் கற்றுக்கொள்ளாததை அந்த வீட்டுப்பாடத்துக்காகக் கற்றுக்கொண்டாள்.

நானே சென்னை சர்ச் பார்க் கான்வென்ட்டில் படித்தவள். அதை நடத்தும் பிரசன்டேஷன் சபையைத் தொடங்கியவர் அயர்லாந்தின் கார்க் நகரைச் சேர்ந்த நானோ நாகல். கத்தோலிக்கர் பள்ளி நடத்தச் சட்டம் தடுத்திருந்த காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பள்ளி வைத்தவர். கையில் லாந்தரோடு இருக்கும் அவர் படத்தைப் பார்த்தே வளர்ந்தோம். அந்தச் சபை 1842ல் மதராசுக்கு வந்தது, 1854ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. 1962ல் இங்கே சான் ஹோசேயில் பிரசன்டேஷன் ஹைஸ்கூலைத் தொடங்கியதும் அவர்கள்தான். அங்கே ஓபன் ஹவுஸுக்கு (பெற்றோர் வந்து பள்ளியைப் பார்க்கும் நாள்) போனபோது நானோ நாகல் பெயரைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் வேறு பள்ளியைத்தான் விரும்பினாள், அது வேறு விஷயம். டவுன்டவுனில் இருக்கும் நோட்ர டாம் பெண்கள் பள்ளி இன்னும் பழையது. 1850ல் கலிபோர்னியா மாநிலமானது, அடுத்த வருடமே அப்போது பெல்ஜியத்தின் நாமூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த நோட்ர டாம் சபை சிஸ்டர்கள் அதைத் தொடங்கிவிட்டார்கள். பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பது இந்தச் சபைகளுக்குப் புதிய வேலை இல்லை என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். பாளையங்கோட்டைக்காரருக்குக் கான்வென்ட் தெரியாமலா இருக்கும்?

அப்புறம் பணம். ஃப்ரீமான்ட் அண்ணன் சொல்வது சரி, ஏ-ஜி பாடங்களுக்காக மட்டும் இவ்வளவு செலவழிக்க வேண்டாம். நான் கொடுத்த பணம் வேறொன்றுக்கு. மிடில் ஸ்கூலில் என் மகள் ரோபாட்டிக்ஸ் குழுவில் இருந்தாள். பையன்கள் ரோபாட்டைக் கட்டுவார்கள், இவளுக்குப் போஸ்டர் வரைகிற வேலை. இரண்டு வருடம் போஸ்டரே வரைந்தாள். கணக்கு வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். பெண்கள் பள்ளியில் சால்டரிங் அயர்னை யார் பிடிப்பது? ஒரு பெண்தான் பிடிக்கணும். முதல் மாதமே விரலைச் சுட்டுக்கொண்டு வந்து, அந்தக் கொப்புளத்தை எனக்குப் பெருமையாகக் காட்டினாள். பத்தாம் வகுப்பில் அந்தக் குழுவுக்கு அவள்தான் தலைவி. எல்லாப் பெண்ணுக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். என் பெண்ணுக்குத் தேவைப்பட்டது.

குறையும் உண்டு. சின்னப் பள்ளி என்பதால் ஏபி என்ற கல்லூரி அளவு வகுப்புகள் குறைவு. இவள் கேட்ட கம்ப்யூட்டர் பாடம் அங்கே இல்லை, மாலையில் கம்யூனிட்டி காலேஜில் படித்தாள். பள்ளிப் பேருந்து கிடையாது, நான்கு வருடமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

நிதியுதவிக்குத் தனி விண்ணப்பம், வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். நமக்கெங்கே தருவார்கள் என்று விட்டுவிடாதீர்கள். எங்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது. இன்னொன்று: பிள்ளைக்கு ஒரு பெரியவரால் தொந்தரவு வந்தால் யாரிடம் சொல்வது, அவர்கள் எத்தனை நேரத்தில் போலீசுக்குச் சொல்வார்கள் என்று ஓபன் ஹவுஸில் நேராகக் கேளுங்கள். எந்தப் பள்ளியானாலும் கேளுங்கள். நான் கேட்டேன், பக்கத்தில் இருந்த அம்மாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை.

முடிவெடுக்கும் முன் 'ஷேடோ டே'க்கு அனுப்புங்கள். அங்கே படிக்கும் ஒரு பெண்ணோடு நாள் முழுக்க வகுப்பு வகுப்பாகப் போய் வரலாம். தோழி இல்லாமல் தனியாக அனுப்புங்கள்.

எட்டாம் வகுப்பு அம்மா:

அக்கா, மிக்க நன்றி. உங்கள் மகளின் போஸ்டர் கதையைப் படித்துக் காட்டினேன். "எனக்கும் அப்படித்தான் அம்மா" என்றாள். இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. ஷேடோ டேக்குப் பதிவு செய்துவிட்டேன், தனியாகத்தான் போகிறாள். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு வேண்டுமா?

மயிலாப்பூர் அம்மா:

எச்எஸ்பிடியைச் சொல்கிறீர்களா? 298 கேள்விகள், இரண்டரை மணி நேரம் போல ஆகும். பாடம் கஷ்டமில்லை, வேகம்தான் கஷ்டம். வெர்பல் என்ற சொல்திறன் பகுதியில் ஒரு கேள்விக்கு 20 நொடிகூட இல்லை. பயிற்சி வகுப்பு வேண்டாம். மாதிரித் தேர்வுப் புத்தகம் ஒன்று வாங்கி, சனிக்கிழமை காலையில் கடிகாரத்தை எதிரே வைத்து எழுதச் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பதில் பென்சில் கோடு நிறைய இருக்கிறது, அழித்துவிட்டால் பயன்படும். வேண்டுமானால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், தருகிறேன்.