இமிக்ரேஷன் ஆட்டோ கேட்: உங்களுக்கு என்ன ஆனது?

தஞ்சாவூர்க்காரன்
சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கும் 2024-லிருந்து ஆட்டோ கேட்தான், பாஸ்போர்ட்டையும் முகத்தையும் பார்த்துத் தானாகத் திறக்கும் கதவு, தெரிந்த கதை. அம்மாவை முதல் தடவையாகக் கூட்டிப்போனேன். அவர் முன்னால், நான் பின்னால். பாஸ்போர்ட்டை வைத்ததும் முதல் கதவு திறந்தது, அவர் உள்ளே போனதும் மூடிக்கொண்டது. "நீ வரலையா?" என்று திரும்பிவிட்டார். எதிரே கேமரா முகத்தைத் தேடுகிறது, இவர் முகம் என் பக்கம். "முன்னாடி பாரும்மா" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து கை காட்டினேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்து, மூடின கதவைத் தள்ள ஆரம்பித்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அலுவலர் வந்து மரியாதையாகத்தான் கவுன்ட்டருக்கு அழைத்துப்போனார். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

அடிக்கடி பறப்பவன்
எனக்கு ஒருமுறை தொப்பியால் கேட் திறக்கவில்லை. கழற்றினேன், திறந்தது. அதை விடுங்கள். வயதானவர்களோடு போனால் ஆள் இருக்கும் கவுன்ட்டரைக் கேளுங்கள். சிங்கப்பூருக்கான ஆன்லைன் வருகைப் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டை, இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, தங்கும் அனுமதியான இ-பாஸ் மெயிலில் வரும், பத்திரமாக வையுங்கள். அப்புறம், எஃப்டிஐ-டிடிபிக்கு உடனே பதியுங்கள்; முன்பே பதிந்தவர்கள் இந்திய விமான நிலையங்களில் ஆட்டோ கேட் வழியாகப் போகும் திட்டம் அது. 2024 ஜூனில் டெல்லியில் ஆரம்பித்தார்கள், 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்துவிட்டது. கட்டணம் கிடையாது. ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, கைரேகையும் முகப்படமும் நேரில் கொடுக்க வேண்டும். 5 வருடம் செல்லும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியானால் அதுவரைதான். அம்மாவுக்கும் சேர்த்துப் பதியுங்கள்.

ஈஸ்ட்ஹாம் வாசி
அவர் சிங்கப்பூர் கதை சொல்ல, நீங்கள் சென்னைக் கேட்டுக்குப் பதியச் சொல்கிறீர்கள். அந்த அம்மா மகனைக் காணவில்லை என்றுதானே திரும்பினார்? அதற்கு எந்தப் பதிவு உதவும்?

இங்கே பிரிட்டனில் 2024-ல் 10 வயது நிறைந்திருந்தால்தான் இ-கேட். 2023 ஜூலைக்கு முந்தி 12. எங்கள் மகனுக்கு 10 முடிந்து முதல் பயணம், விமானத்திலேயே கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பழகினான். வந்திறங்கியது 2024 மே 7 இரவு, நாடு முழுக்க கேட்டுகள் படுத்துவிட்ட அதே இரவு! சரியான சனக்கூட்டம். நடுச்சாமத்தில் ஒருவழியாக மேசைக்கு வந்தால், இவன் கண்ணாடியைக் கழற்றி, கடவுச்சீட்டைப் படம் தெரிய விரித்துப் பிடித்து, கண் வெட்டாமல் அலுவலரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மனுசன் நல்லாய்க் களைத்திருந்தார். கொஞ்ச நேரம் இவனையே பார்த்துவிட்டு, "சரி, பச்சை லைட் எரியுது, போ" என்றார்.

அடிக்கடி பறப்பவன்
சென்னைக்குத் திரும்பி வரத்தானே வேண்டும்? பதிந்து வைத்தால் என்ன நஷ்டம்? வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் பதியலாம். ஈஸ்ட்ஹாம் ஐயாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் வாசி
நான் யாழ்ப்பாணம், ஐயா. எனக்கேது ஓசிஐ?