மணி, தட்டு, மறுசோறு: நீலகிரி பெண் குழந்தைகள் இல்லங்களில் சாப்பாட்டு நேரம்

குன்னூர், இல்லத்தில் வளர்ந்தவள்:

பெண் குழந்தைகள் இல்லம் என்றதும் வெளியில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "சாப்பாடு நன்றாக இருக்குமா?" என்றுதான். பிறந்தநாளுக்குப் பிரியாணி கொண்டுவருகிறவர்களும் அதையே கேட்பார்கள். உள்ளே இருந்த எங்களுக்கு ருசி இரண்டாம்பட்சம். எப்போது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், யார் தடுக்க முடியும் என்பவைதான் எங்கள் கவலை. அதைப் பற்றி எழுதுகிறேன். மற்ற சகோதரிகளும் எழுதுங்கள்.

நான் வளர்ந்த இல்லம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. மணி அடித்ததும் வரிசை, கை கழுவல், பிரார்த்தனை. கடைசிப் பிள்ளைக்குப் பரிமாறி முடிக்கும்வரை யாரும் சோற்றைத் தொடக் கூடாது. பேசக் கூடாது. மிச்சம் வைக்கக் கூடாது. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், மார்கழிக் குளிரிலும் அதே குழாய்த் தண்ணீரில். சமையலறை வாசற்படியைத் தாண்டக் கூடாது.

இவற்றில் பெரும்பாலானவை எனக்குப் பாரமாக இருந்ததில்லை. கடைசிப் பிள்ளைக்காகக் காத்திருப்பது நல்ல பழக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். என்னால் ஏற்க முடியாதது ஒன்றுதான்: சாப்பாட்டைத் தண்டனையாக்குவது. படிப்பு நேரத்தில் தூங்கி விழுந்தால் மாலைச் சுண்டல் கிடையாது. எதிர்த்துப் பேசினால் கடைசிப் பந்தி. அப்போது மறுசோறு கேட்டால், "உன் வீட்டில் இதையெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறாயா?" என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்குப் பயந்து அரை வயிற்றோடு எழுந்து போன பிள்ளைகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய பெண்கள் முறைவைத்துப் பரிமாறுவோம். மாதவிலக்கு வந்தவளுக்கு அந்த நாட்களில் பரிமாறும் முறை கிடையாது, ஊறுகாய் ஜாடியையும் தொடக் கூடாது. சுத்தம் என்று காரணம் சொன்னார்கள். எந்தப் பெண்ணுக்கு எந்த நாள் என்பது சாப்பாட்டுக் கூடம் முழுவதற்கும் தெரிந்துபோனதுதான் மிச்சம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு கூச்சம் என்று யோசிக்க அங்கே ஒருவரும் இல்லை.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற காப்பாளர்:

குன்னூர்த் தங்கை எழுதியதைப் படித்து மனம் பொறுக்கவில்லை. காப்பாளராக இருந்தவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். இல்லத்தில் சாப்பாடு என்பது காப்பாளர் மனம் குளிர்ந்தால் கொடுப்பது இல்லை. அது பிள்ளைக்குச் சேர வேண்டியது. இல்லங்களில் இருக்கும் குழந்தைகளின் பராமரிப்பையும் சொல்லும் இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் வந்தது. அதற்கான 2016 மாதிரி விதிகளில் உணவின் அளவைக் கிராம் கணக்கில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, ராகி போன்ற தானியம் 600 கிராம். பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்கு 700. பருப்பு வகை 120 கிராம், கீரை 100, மற்ற காய்கள் 130, பால் 150 மில்லி, தயிர் அல்லது மோர் 100 மில்லி. காலை உணவையும் சேர்த்து நான்கு வேளை. நோயுற்ற பிள்ளைக்குத் தனி உணவு. படிப்பு நேரத்தில் தூங்கினால் இதில் இத்தனை கிராம் குறைக்கலாம் என்று எந்த வரியும் கிடையாது.

என் அனுபவத்தில், பசியோடு வளர்ந்த பிள்ளைக்குச் சாப்பாட்டு விதிகள் வேறு விதமாகக் கேட்கின்றன. ஆதரவற்ற பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பதை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு வழியாக ஒரு சிறு பெண் வந்தாள். தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டுவிடுவாள். ஆனாலும் சப்பாத்தியை மடித்துத் தலையணை உறைக்குள் வைப்பாள். எறும்பு வந்துதான் எங்களுக்குத் தெரிந்தது. தினமும் படுக்கையைச் சோதிக்க வேண்டும் என்று ஊழியர்கள் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. மூடி போட்ட ஒரு டப்பாவில் வேர்க்கடலையும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும் போட்டு, "இது உன்னுடையது, தீர்ந்தால் நீ கேட்க வேண்டாம், நானே நிரப்புகிறேன்" என்று அவள் கையில் கொடுத்தேன். முதல் வாரம் தினமும் காலியானது. பிறகு குறைந்தது. அடுத்த பள்ளியாண்டில் ஒரு நாள் நிரப்பப் போனேன். டப்பாவில் ரிப்பன்களும் ஒரு பென்சில் சீவியும் இருந்தன. நாளைக்கும் சோறு உண்டு என்ற நிச்சயம் உடம்பில் ஏற அவளுக்கு அத்தனை காலம் பிடித்தது. அப்படிப்பட்ட பிள்ளையின் சுண்டலை ஒரு நாள் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை கட்டியதெல்லாம் அன்றைக்கே இடிந்துவிடும்.

அதே விதிகளில் பிள்ளைகளின் குழு என்று ஒன்று இருக்கிறது. 6 முதல் 10 வயது, 11 முதல் 15, 16 முதல் 18 என்று தனித்தனியாக, பிள்ளைகள் மட்டுமே இருக்கும் குழுக்கள். அன்றாட நடைமுறையையும் உணவுப் பட்டியலையும் வகுப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. முதல் கூட்டத்தில் பிரியாணியும் ஐஸ்கிரீமும் கேட்பார்கள் என்று ஊழியர்கள் எதிர்பார்த்தார்கள். சிறு பிள்ளைகள் கேட்டது வேறு: பரிமாறும் கரண்டி எல்லா வாளிக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பரிமாறும் அக்காமார்கள் தங்கள் தோழிகளுக்குப் பெரிய கரண்டியால் போடுகிறார்களாம்! பெரிய பெண்கள், ஞாயிறு மதியம் மட்டுமாவது பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும் என்றார்கள். இரண்டையும் அந்த வாரமே செய்தோம். பேசவிட்ட பிறகு கூடத்தில் இரைச்சல் கூடியது உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அந்த இரைச்சலில்தான் கண்டுபிடிக்க முடிந்தது. எல்லாரையும் வாய் மூடச் சொல்லியிருந்த காலத்தில் அது தெரிய வழியே இல்லை.

ஊட்டி, இல்லச் சமையலில் இருந்தவள்:

காப்பாளர் அம்மா கிராம் கணக்கு சொன்னார்கள். நான் அடுப்புக் கணக்கைச் சொல்கிறேன். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த அண்டாவில் துவரம்பருப்பைப் போட்டால் வேகவே வேகாது. கீழே கோயம்புத்தூரில் சமைத்துப் பழகி மேலே வருகிறவர்கள் இதில்தான் திணறுவார்கள். பருப்பை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் பெரிய குக்கரில் வைத்தால்தான் மணி அடிக்கும் நேரத்துக்குச் சாம்பார் தயாராகும். வேகாத பருப்பைத் தட்டில் ஒதுக்கிய பிள்ளையை "மிச்சம் வைக்காதே" என்று அதட்டுவதில் நியாயமே இல்லை.

கடைசிப் பிள்ளைவரை காத்திருப்பது பற்றிக் குன்னூர்க்காரர் எழுதியிருந்தார். ஊட்டியில் ஜனவரி மாதம் உறைபனி விழும் நாட்களில் அப்படிக் காத்திருந்தால் சோறு விறைத்துவிடும். அதனால் பனிக்காலத்தில் மட்டும் சிறு பிள்ளைகளுக்கு முதல் பந்தி, பெரியவர்களுக்கு அடுத்த பந்தி என்று மாற்றினோம். எவர்சில்வர் தட்டுகளை வெந்நீரில் அலசி, சூடு ஆறும் முன்பே பரிமாறுவோம்.

எங்களுக்குக் காய்க்குப் பஞ்சமில்லை. கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், நூக்கல் எல்லாம் கண்ணெதிரே விளைகின்றன. அதனாலேயே வாரம் முழுவதும் முட்டைக்கோஸ் பொரியலாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பீட்ரூட் இலையையும் முள்ளங்கி இலையையும் வீசாமல் பருப்பு சேர்த்துக் கூட்டு வைப்பேன். கீரை அளவு அதில் சேர்ந்துவிடும்.

டீ பற்றியும் சொல்லியாக வேண்டும். தேயிலை நாட்டில் சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிப்பது பழக்கம். வளரும் பெண் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று சுகாதார நிலையத்துச் செவிலியர் சொன்னார். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் டீ தடுக்கிறதாம். வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு கொடுத்துவிட்டு, டீயை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிவைத்தோம். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. வெறும் வயிற்றில் மட்டும் அந்த மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், குமட்டும்.

கூடலூர், உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள்:

நான் பணியர் என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவள். நான் படித்தது இல்லம் இல்லை, உண்டு உறைவிடப் பள்ளி. ஆனால் மணியும் வரிசையும் இதேதான்.

வீட்டில் வயலிலிருந்து நண்டு பிடித்துவருவார்கள், காட்டுக் கீரை பறிப்பார்கள், கிழங்கு சுடுவார்கள். பள்ளியில் சேர்ந்த புதிதில் "வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று ஒருவர் கேட்க, நான் நண்டு என்றேன். கூடம் முழுவதும் சிரித்தது. அதன் பிறகு யார் கேட்டாலும் சாம்பார் சாதம் என்றே சொல்லப் பழகிக்கொண்டேன். நண்டைப் போல சத்தான சாப்பாடு எது? அதைத் தின்று வளர்ந்த என் பாட்டி கடைசிவரை வயலில் குனிந்து நாற்று நட்டாள்.

காப்பாளர் அம்மாவிடமும் குன்னூர் அக்காவிடமும் ஒரு கேள்வி. சமையலறைக்குள் நுழையக் கூடாது என்பது எங்களுக்கும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே வந்தபோது எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது, ஒரு கிலோ பருப்பின் விலையும் தெரியாது. வீடு இருந்ததால் அம்மா கற்றுத் தந்தாள். வீடே இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

குன்னூர், இல்லத்தில் வளர்ந்தவள்:

தங்கச்சி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று பெண்களோடு அறை எடுத்தேன். அவர்கள்தான் எனக்கு அடுப்பு பற்றவைக்கக் கற்றுத் தந்தார்கள். அதுவரை பன்னும் டீயும்தான். அந்த வாசற்படி விதிக்குத் தீ விபத்துப் பயம் காரணம் என்பது புரிகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்துகிற அந்த விதியைப் பதினேழு வயதுப் பெண்ணுக்கும் ஏன் வைத்தார்கள் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற காப்பாளர்:

கூடலூர் மகளே, நல்ல கேள்வி. பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளைக்கு இருபத்தொரு வயதுவரை பின்பராமரிப்பு உதவி தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் சமையல் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். எங்கள் இல்லத்தில் பதினாறு வயதைத் தாண்டியவர்கள் ஞாயிறு காலை இரண்டிரண்டு பேராகச் சமையலக்காவோடு நிற்பார்கள். அதற்கு முந்தைய நாள் அவர்கள்தான் பட்டியல் எழுதி, பணம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வர வேண்டும். மீதிச் சில்லறையையும் கணக்குச் சீட்டையும் என் மேசையில் வைப்பார்கள். முதல் முறை போனவர்கள் தேங்காய்க்கே பாதிப் பணத்தைச் செலவழித்துவிட்டு வந்தார்கள். அந்த ஞாயிறு தக்காளி இல்லாமல் புளிக்குழம்புதான்.

இப்போது இல்லங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பெரிய பெண்களுக்கு வாரம் ஒரு வேளையாவது அடுப்படியைத் திறந்துவிடுங்கள். இல்லத்தில் இருக்கும் பிள்ளை யாருக்காவது சாப்பாடு மறுக்கப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் அழைக்கலாம். அந்த எண்ணைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், சிறு பிள்ளைகளின் கண்மட்டத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.