கறுத்த முன்பல்லுக்கு முதலில் செலவழிப்பதா, கேப் போடாத கடைவாய்ப் பல்லுக்கா?

அரவேணு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். அதற்குள் பல்லைச் சரிசெய்துகொள்ள நினைக்கிறேன்.

சின்ன வயதில் படியில் விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று அடிபட்டது. வலி எதுவும் இல்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகி, இப்போது போட்டோவில் அந்த இடத்தில் பல்லே இல்லாத மாதிரி தெரிகிறது. "டீச்சர், அந்தப் பல் மட்டும் ஏன் கறுப்பு?" என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்.

இன்னொன்று, கீழ் இடது கடைவாய்ப் பல்லுக்கு முன்பு ரூட் கேனல் செய்தது. அந்த நேரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்துவிட்டதால் கேப் போடவில்லை. போன வாரம் வர்க்கி கடித்தபோது அதில் ஒரு ஓரம் பெயர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் இருந்த பல்லை எப்போதோ எடுத்தாயிற்று, அந்த இடம் காலி.

கோவையில் ஒரு கிளினிக்கில் மேலே ஆறு பல்லுக்கும் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய செராமிக் தகடு) ஒட்டினால் சிரிப்பே மாறிவிடும் என்கிறார்கள். இங்கே பார்த்த டாக்டர் முதலில் கேப் போடுங்கள் என்கிறார். கையில் இருப்பது 40,000 ரூபாய். டீ நிறைய குடிப்பேன், மற்ற பற்களும் மஞ்சள்தான். எதை முதலில் செய்யலாம்?

மஞ்சூர் சிவா

அக்கா, காலி இடத்துக்கு இம்பிளான்ட் யோசித்தால் தைக்குள் முடியாது. எனக்கு எலும்பில் டைட்டானியம் திருகு வைத்தார்கள். அது எலும்போடு சேர்ந்து பிடிக்கக் காத்திருந்து, அதன் பிறகுதான் மேலே பல் வைத்தார்கள். மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள், அப்படித்தான் ஆனது. இப்போது கரும்புகூடக் கடிக்கிறேன். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வது கஷ்டம்.

குன்னூர் லேப்

டீச்சர், நான் பல் மருத்துவர் இல்லை. குன்னூரில் லேப் வைத்து கேப், பிரிட்ஜ், செட் பல் செய்து கொடுப்பவன். வாயைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் அவர்கள் எடுக்கும் அளவுகள் (பல் அச்சுகள்) என் மேசைக்குத்தான் வருகின்றன. அந்த உரிமையில் சொல்கிறேன், உங்கள் பணத்தில் முதல் ரூபாய் கடைவாய்ப் பல்லுக்குப் போகட்டும்.

ரூட் கேனல் செய்த பல்லில் சொத்தை தின்றது போக, உள்ளே போவதற்கு வழி திறந்தது போக, மிஞ்சுவது சுற்றுச்சுவர் மட்டும்தான். மெல்லும் பாரம் முழுக்க அங்கேதான் விழுகிறது. அந்தச் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கத்தான் கேப். ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தால் அதை ஃபில்லிங்கால் கட்டி மேலே கேப் போட்டுவிடலாம். வேர் வரை பிளந்துவிட்டால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை. இத்தனை நாள் திறந்து கிடந்ததால் எச்சில் உள்ளே இறங்கியிருக்கலாம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு ரூட் கேனலையே மறுபடி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னால், பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

சிரித்தால் தெரியாத இடம் என்பதால் முழு உலோக கேப்கூடப் போதும். பல்லைக் குறைவாக ராவினால் போதும், விலையும் குறைவு. உலோகத்தின் மேல் செராமிக் ஏற்றியதில் மேல்பூச்சு சில சமயம் சில்லுச் சில்லாகப் பெயரும். ஜிர்கோனியா என்ற வெள்ளை செராமிக் உறுதியானது, விலை கூட.

முன்பல் விஷயத்தில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பல் கறுத்ததற்கு ஆறு பல்லை ராவுவதா? வெனீர் ஒட்ட முன்பக்க எனாமலை சுமார் அரை மில்லிமீட்டர் சீவுவார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது, காலம் முழுக்க அந்தப் பல்லுக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் உங்கள் பல் உள்ளிருந்து கறுத்தது. மெல்லிய செராமிக் தகட்டை மேலே ஒட்டினால் அடியில் இருக்கும் சாம்பல் நிறம் தெரியும். அதை மறைக்க ஒளி புகாத பொடியை நான் கூட்டினால், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி அந்தப் பல் தனியாக நிற்கும்.

அதற்கு முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். நரம்பு செத்த பல் என்றால் ரூட் கேனல் செய்து, அதே பல்லுக்குள் வெளுக்கும் மருந்தை வைத்து மூடி, வாரம் ஒருமுறை மாற்றி வைப்பார்கள். சில தடவையிலேயே நல்ல மாற்றம் தெரியும். ராவல் இல்லை, செலவும் ஆறு வெனீர் பக்கத்தில்கூட வராது. நிறம் போதவில்லை என்றால் அப்புறம் அந்த ஒரு பல்லுக்கு மட்டும் வெனீரோ கேப்போ யோசிக்கலாம்.

மற்ற பற்களின் மஞ்சளில் பாதி டீக்கறையாகத்தான் இருக்கும், க்ளீனிங்கிலேயே போய்விடும். அதற்கு மேலும் வெளுக்க வேண்டுமென்றால் வெளுத்து இரண்டு வாரமாவது கழித்துத்தான் ஃபில்லிங், கேப் நிறம் பார்க்க வேண்டும். முதலில் கேப் போட்டுவிட்டுப் பிறகு பல்லை வெளுத்தால், கேப் பழைய நிறத்திலேயே இருக்கும்.

நிறம் பார்க்கும் அன்று நாற்காலியில் உட்கார்ந்தவுடனே பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடியே இருந்தால் பல் காய்ந்து இன்னும் வெளுப்பாகத் தெரியும், அந்த நிறத்தில் செய்த கேப் மறுநாள் எடுப்பாகிவிடும். தலைக்கு மேல் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருங்கள். அன்றைக்கு லிப்ஸ்டிக் வேண்டாம்.

பல் டாக்டர், ஊட்டி

லேப்காரர் சொன்ன வரிசை சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். உள்ளே மருந்து வைத்து வெளுத்த பல் சில வருடங்களில் மறுபடி கொஞ்சம் கறுக்கலாம், அப்போது திரும்பச் செய்யலாம். வேரின் கழுத்துப் பகுதியை நன்றாக அடைத்துவிட்டுத்தான் மருந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வேர் கரைய வாய்ப்புண்டு. அவசரப்படாமல் செய்யும் இடமாகப் பாருங்கள். காலி இடத்துக்கு பிரிட்ஜ் (இரு பக்கப் பற்களையும் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) போட்டால் முன்னால் இருக்கும் நல்ல பல்லையும் ராவ வேண்டும், ரூட் கேனல் செய்த பல் இரண்டு பல்லின் பாரத்தைச் சுமக்க வேண்டும். இப்போதைக்கு அந்தப் பல்லுக்குத் தனி கேப் போடுங்கள், இம்பிளான்ட்டைப் பணம் சேர்த்துப் பிறகு பார்க்கலாம். ஆனால் வருடக்கணக்கில் தள்ள வேண்டாம். பக்கத்துப் பற்கள் சாயும், மேல்பல் கீழே இறங்கும். செலவு இடித்தால் கோவைப் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைவாக ஆகும். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர்கள் மேற்பார்வை உண்டு. நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

அரவேணு டீச்சர்

ரொம்ப நன்றி. ஆறு வெனீர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டை நம்பி கோவைக்கு அலைவது முடியாத காரியம், அதனால் கேப்பை இங்கேயே போடுகிறேன். இந்த கிளினிக்கில் அளவை பஸ் பார்சலில் கோவை லேபுக்குத்தான் அனுப்புவார்களாம். வழியில் மண்சரிவில் நின்றுவிட்டால் அளவு கெட்டுப்போகுமா?

குன்னூர் லேப்

எந்தப் பொருளில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆல்ஜினேட் என்ற அச்சுப் பசை என்றால் சீக்கிரமே கல்மாவு கரைத்து ஊற்றிப் பல்லின் மாதிரியை எடுத்துவிட வேண்டும், காயக் காயச் சுருங்கும், கேப் பொருந்தாது. அடிஷன் வகை சிலிக்கான் அளவு நாள் கணக்கில் தாங்கும். கேப்புக்கு அந்த சிலிக்கானில் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் வைத்து எடுக்கிறார்கள் என்றால் மெயிலிலேயே போய்விடும். கேப் வருகிறவரை தற்காலிக கேப் மாட்டிக்கொண்டே இருங்கள், அந்தப் பக்கம் வர்க்கி வேண்டாம். ஒட்டும் முன் ஒருமுறை வைத்துப் பார்க்கும்போது, கடித்தால் உயரமாக இருக்கிறதா என்று சொல்லுங்கள். தயங்காதீர்கள், அந்த நேரத்தில் ராவிச் சரிசெய்வது சுலபம்.