கேன்சர் வந்ததும் சீனி மாத்திரையை விட்டவர்கள்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

மண்டபம், கிராம செவிலியர்
மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்த மெட்பார்மின் (சீனி வியாதி மாத்திரை) அட்டைகள் ஒரு அம்மாவின் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தன. ஒரு மாத்திரைகூடப் பிதுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு மார்பில் கட்டி, மதுரையில் கீமோ. கேட்டதற்கு, "பெரிய வியாதிக்கே பாத்துக்கிட்டு இருக்கோம், இது எதுக்குத்தா" என்றார். மருமகள் சொன்ன காரணம் வேறு. சிடி எடுக்கும்போது நிறுத்தச் சொன்னார்களாம், மறுபடி போடச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம்.

கிட்னி நன்றாக இருப்பவர்கள் சாய ஊசி போட்டு சிடி எடுக்க மெட்பார்மினை நிறுத்தவே வேண்டியதில்லை. கிட்னி பழுதானவர்களுக்குத்தான் அந்தக் கவலை. அப்படி நிறுத்தினாலும் 48 மணி நேரம்தான், பிறகு கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்) பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். நிறுத்தச் சொல்கிறவரிடமே "எந்தத் தேதியில் திரும்பப் போடணும்" என்று சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர்கள் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

தொண்டி, மருந்துக்கடை
விட்டவர்களைப் பற்றியே பேசுகிறோம். விடாமல் போட்டு விழுந்தவரும் உண்டு. விசைப்படகில் போகிறவர், வயிற்றில் புற்று. கீமோ முடிந்து வந்து இரண்டு நாளாக வாந்தி, கஞ்சித் தண்ணீர்கூட நிற்கவில்லை. வீட்டம்மா அக்கறையாகக் காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டார். கடைப் படியில் உட்கார்ந்தவருக்குச் சட்டை முழுக்க வேர்வை, கை நடுக்கம், கேட்டதற்குப் பதில் குழறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சீனி 48.

அவர் போட்டது கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. சாப்பிடாத வயிற்றில் சீனியை இறக்கியது கிளிமிபிரைடு. வோக்லிபோஸ் உள்ளே இருந்தால் சீனித் தண்ணீர், மிட்டாய் எல்லாம் சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்: மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு மூன்று டீஸ்பூன். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே 108. அட்டையைத் திருப்பி உள்ளே என்னென்ன மருந்து என்று ஒருமுறை படித்து வையுங்கள்.

கீழக்கரை, கீமோ வார்டு ஸ்டாஃப் நர்ஸ்
தொண்டிக்காரர் சொன்னது சரி. ஆனால் அதை இங்கே படிக்கிறவர் "கீமோ என்றால் சீனி மாத்திரை ஆபத்து" என்று எடுத்துக்கொண்டு மொத்தமாக நிறுத்திவிடுவார். கீமோ நாளில் பெரும்பாலும் சீனி ஏறத்தான் செய்யும். காரணம், வாந்தியும் அலர்ஜியும் வராமல் இருக்க முன்கூட்டியே போடும் டெக்சாமெதசோன் ஸ்டீராய்டு.

ஒரு பெரியவர், வெறும் வயிற்றில் 118. "கன்ட்ரோலா இருக்கும்மா" என்று மகன் மாத்திரையை விட்டுவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு 390. தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்காமல் குடித்துக்கொண்டே இருந்தார். காலையில் போட்ட டெக்சா மதியத்துக்கு மேல்தான் சீனியை ஏற்றும், விடியும்போது இறங்கிவிடும். காலையில் மட்டும் குத்திப் பார்த்தால் ஏமாந்து போவோம். கீமோ நாளிலும், அடுத்து வரும் டெக்சா நாட்களிலும் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, ராச்சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்த நாட்களுக்கென்று டாக்டர் இன்சுலினைக் கூட்டினால், டெக்சா முடிந்ததும் எத்தனை யூனிட்டுக்கு இறக்குவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டிய அளவையே தொடர்ந்தால் தொண்டியில் பார்த்த மாதிரி சீனி 48க்கு இறங்கலாம்.

வெள்ளை அணு குறைந்திருக்கிற நேரத்தில் சீனியும் ஏறி இருந்தால் சின்னப் புண்கூட ஆறாது. மீன் முள் குத்தியது, பாசி எடுக்கப் போய்ப் பாறை கிழித்தது எல்லாம் அந்த நேரத்தில் சின்னக் காயம் இல்லை. காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ரத்தம் ஏற்றியவர்களுக்கு மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டையும் நம்ப முடியாது, மீட்டர்தான்.

சாயல்குடி
கேன்சருக்குச் சீனி ஆகாது என்று சீனியை நிறுத்திவிட்டு, மாத்திரையையும் நிறுத்திவிட்டு, கருப்பட்டிக் காப்பியும் பதநீருமாகக் கொடுத்த வீட்டைப் பார்த்தேன். கருப்பட்டியும் ரத்தத்தில் சீனியைத்தான் ஏற்றும். அந்த அம்மாவுக்குக் கரண்டு (கதிர்வீச்சு) வைக்கப் போன இடத்தில் 412.

மண்டபம், கிராம செவிலியர்
ஒன்று விட்டுப்போயிற்று. டாபாகிளிப்ளோசின் என்ற சீனி மாத்திரை போடுகிறவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காத நாட்களில் அதை நிறுத்தி வைக்க வேண்டும். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே. நிறுத்தாவிட்டால் மீட்டரில் 180தான் காட்டும், ஆனால் உள்ளே கீட்டோன் என்ற அமிலம் ஏறி மூச்சு வாங்கலாம். இன்சுலின் கதை நேர்மாறு: சாப்பிடவில்லை என்று ராத்திரி போடும் நீண்டநேர இன்சுலினை நாமாக நிறுத்தக்கூடாது. எவ்வளவு குறைப்பது என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.