மறு: ஐரோப்பியக் கோப்பைகளுக்குத் 'தகுதி' – ஒரு சொல் போதாது

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பியக் கழகக் கால்பந்துப் போட்டிகளைப் பற்றித் தமிழில் எழுதச் சென்ற வாரம் ஐயா அனுப்பிய கலைச்சொல் பட்டியலை மூன்று முறை படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் அதில் தகுதி, தகுதிச் சுற்று, தகுதியுடைமை, தகுதிப் பட்டியல், தகுதிப் புள்ளி என்று ஐந்து இடத்தில் ஒரே சொல் வருகிறது. ஐந்தும் வெவ்வேறு பொருள். பக்கத்து வீட்டுத் தம்பி கல்லூரியில் படிக்கிறான், இரவெல்லாம் கால்பந்து பார்ப்பவன். பட்டியலை வைத்து நான் எழுதிய ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நடுவில் நிறுத்திவிட்டு, "அண்ணா, அதுதான் தகுதி பெற்றாச்சே, அப்புறம் எதுக்கு மறுபடியும் தகுதிச் சுற்று?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நம் கலைச்சொற்களிலேயே பதில் இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை 2005ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றே காட்டிவிடும். அந்த மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கழகங்களின் முதன்மைப் போட்டி) இறுதியில், இடைவேளையின்போது ஏசி மிலானிடம் 0-3 எனப் பின்தங்கியிருந்த லிவர்பூல், 3-3 என்று சமன் செய்து பெனால்டி ஷூட்-அவுட்டில் கோப்பையை வென்றது. ஆனால் இங்கிலாந்து லீக்கில் அதே ஆண்டு அந்த அணி ஐந்தாவதாகத்தான் முடித்தது. அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் இங்கிலாந்துக்கு இருந்ததோ நான்கு இடம். நான்காவதாக வந்தது அதே ஊர் எவர்ட்டன். கோப்பையை வென்ற அணி அடுத்த ஆண்டு கட்டாயம் ஆடும் என்ற உறுதி அன்றைய விதியில் இல்லை. இந்தப் போட்டிகளை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா ஆலோசித்து, எவர்ட்டனின் இடத்தைத் தொடாமல், லிவர்பூலை முதல் தகுதிச் சுற்றிலிருந்து ஆட விட்டது. ஐரோப்பாவின் சாம்பியன் ஜூலை மாதத்திலேயே வேல்ஸின் டிஎன்எஸ் என்ற சிறிய கழகத்தோடு மோத வேண்டியதாயிற்று.

இதை நம் பட்டியலின்படி எழுதினால்: "தகுதி பெறாத சாம்பியன் தகுதிச் சுற்றில் ஆடத் தகுதி பெற்றது." இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் யாருக்கு என்ன புரியும்?

என் முன்மொழிவின் அடிப்படைச் சொல் 'இடம்'. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்கிறோம், ரயிலில் இடம் கிடைத்தது என்கிறோம். எண்ணிக்கையில் அடங்கியது, போட்டியிட்டுப் பெற வேண்டியது, ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காதது. ஐரோப்பியப் போட்டிகளில் கழகங்கள் பெறுவதும் இதைத்தான். "இங்கிலாந்துக்கு நான்கு இடம்", "ஐந்தாவது அணிக்கும் இடம் கிடைத்தது", "இடம் பறிபோனது" என்றெல்லாம் இயல்பாகச் சொல்ல முடிகிறது. 2012இல் செல்சி லீக்கில் ஆறாவதாக வந்தும் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அப்போதைய விதிப்படி நான்காவதாக வந்த டாட்டன்ஹாமின் இடம் பறிபோய், அந்த அணி அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்குக்குப் போனது. டாட்டன்ஹாம் 'தகுதி இழந்தது' என்று எழுதினால் ஏதோ குற்றம் செய்து தண்டனை வாங்கியது போல் ஆகிறது. 'இடம் இழந்தது' என்றால் நடந்தது நடந்தபடி வருகிறது.

> தோழி எழுதியது: 'இடம்' என்பது பேச்சுச் சொல். கலைச்சொல்லுக்குரிய துல்லியம் இல்லை. 'நுழைவிடம்' எனலாமே?

நுழைவிடம் என்றால் எனக்கு மைதானத்தின் வாசல்தான் கண்முன் வருகிறது. எளிமையாக இருப்பதாலேயே ஒரு சொல் துல்லியம் இழந்துவிடாது. நாடாளுமன்றத்தில் 39 இடங்கள் என்று நாள்தோறும் எழுதுகிறோம், யாரும் நாற்காலியை நினைத்துக் குழம்புவதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. எந்தக் கால்பந்துச் சங்கத்துக்கு எத்தனை இடம், எந்தச் சுற்றிலிருந்து என்று யூஃபா வெளியிடும் பட்டியலுக்கு 'இடப்பங்கீடு' என்று சொல்லிவிடலாம். ஐயாவின் பட்டியலில் 'இடஒதுக்கீடு' என்று மாற்றுச் சொல் ஒன்று கண்டேன். தயவுசெய்து அது வேண்டாம். தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறும் சமூகநீதி என்ற பொருளும் இருக்கின்றன. அதைக் கால்பந்துக்கு இழுக்கக் கூடாது. கூட்டணிக் கட்சிகள் செய்கிற பங்கீடுதான் இங்கே பொருத்தம்.

அடுத்து, இடம் கைமாறுவது. இங்கிலாந்தில் லீக்குக்கு வெளியே நடக்கும் கோப்பைப் போட்டிகளில், எஃப்ஏ கோப்பையை வெல்லும் அணிக்கு யூரோப்பா லீக் இடம், லீக் கோப்பையை வெல்லும் அணிக்கு மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் இடம். வென்ற அணி லீக் வரிசையிலேயே அதைவிடப் பெரிய போட்டிக்குப் போய்விட்டால்? 2025 மார்ச்சில் நியூகாசில் லிவர்பூலை 2-1 என்று வீழ்த்தி லீக் கோப்பையை வென்றது. 1955க்குப் பிறகு அந்தக் கழகத்துக்குக் கிடைத்த முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை. ஆனால் லீக்கில் ஐந்தாவதாக வந்து சாம்பியன்ஸ் லீக்கிலேயே இடம் பிடித்துவிட்டதால், கான்ஃபரன்ஸ் லீக் இடம் லீக் வரிசையில் இறங்கி ஏழாவதாக வந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனது. 2014 வரை இந்த விதி வேறு. அப்போதெல்லாம் எஃப்ஏ கோப்பையின் இடம் இறுதியில் தோற்ற அணிக்கே போகும். 2014இல் எஃப்ஏ கோப்பை இறுதியில் ஆர்சனலிடம் தோற்ற ஹல் சிட்டி அப்படித்தான் யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றுகளில் ஆடியது. இதற்கெல்லாம் ஒரு புதுப் பெயர்ச்சொல் உருவாக்க வேண்டாம் என்பது என் கருத்து. 'இடம் இறங்கியது' என்ற வினையே போதும். லீக் வரிசையில் இறங்கியதா, இறுதியில் தோற்ற அணிக்குப் போனதா என்பதை வாக்கியம் சொல்லட்டும்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நேரடி இடம் இல்லாத கழகங்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆடும் சுற்றுகளுக்கு என்ன பெயர்? 'தகுதிச் சுற்று' என்பது தகுதியானவர்கள் ஆடும் சுற்று என்றும் பொருள்படலாம். இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'தகுதிகாண் சுற்று' என்பது வெகுகாலமாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த எவருக்கும் 'தகுதிகாண் பருவம்' தெரியும். தகுதி இனிமேல்தான் தெரிய வேண்டும் என்பதை அந்தக் 'காண்' எவ்வளவு அழகாகச் சொல்லிவிடுகிறது! இரு கரையிலும் ஏற்கெனவே இருக்கிற சொல்லை விட்டுவிட்டு நாம் எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்? அப்படியானால் லிவர்பூல் செய்தி இப்படி அமையும்: "லீக் வரிசையில் இடம் கிடைக்காத சாம்பியன், முதல் தகுதிகாண் சுற்றிலிருந்து ஆட அனுமதிக்கப்பட்டது."

இந்தச் சுற்றுகள் இரண்டு வழியாகப் பிரிகின்றன. சிறிய சங்கங்களின் லீக் சாம்பியன்கள் தங்களுக்குள் மோதுவது ஒன்று, பெரிய லீக்குகளில் சாம்பியனுக்கு அடுத்து வந்தவர்கள் தங்களுக்குள் மோதுவது இன்னொன்று. 2009இல் இந்தப் பிரிவினை வந்தது. ஐயா 'வாகையர் பாதை' என்கிறார். வாகையர் நல்ல சொல்தான், ஆனால் போட்டியின் பெயரையே சாம்பியன்ஸ் லீக் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் வாகையர் என்றால் வாசிப்பவர் இரண்டையும் இணைத்துப் பார்க்க மாட்டார். 'சாம்பியன் வழி', 'லீக் வழி' என்று வைப்போம். 2025இல் கஜகஸ்தானின் கைராத் அல்மாட்டி சாம்பியன் வழியில் முதல் தகுதிகாண் சுற்றிலிருந்து தொடங்கி, ஒலிம்பியா, குப்ஸ், ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா மூன்றையும் தாண்டிக் கடைசியில் செல்டிக்கைச் சந்தித்தது. கிளாஸ்கோவில் 0-0. அல்மாட்டியில் கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. பெனால்டியில் 3-2. சீன எல்லைக்குப் பக்கத்து ஊரில் ரியால் மாட்ரிட் வந்து ஆடியது இந்த வழியால்தான். இப்படி ஒரு அணி எட்டு ஆட்டம் ஆடி வாங்கிய இடத்தையும், ஸ்பெயினில் இரண்டாவதாக வந்து வாங்கிய இடத்தையும் நாம் ஒரே 'தகுதி பெற்றது' என்று எழுதுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்னது 'தகுதிகாண் இடம்', பின்னது 'நேரடி இடம்'.

இனி கோஎஃபிஷியன்ட், அதாவது சங்கங்களுக்கும் கழகங்களுக்கும் யூஃபா கணக்கிட்டு வைக்கும் எண். குழுமம் அதிகம் சண்டை போட்டது இதற்குத்தான்.

> குழுமத்தில் ஒருவர் எழுதியது: கணிதத்தில் கெழு என்று இருக்கும்போது வேறு எதற்கு? இலங்கை வழக்கில் குணகம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். 5x என்பதில் 5 கெழு, அதாவது இன்னொன்றைப் பெருக்குவது. யூஃபா அந்தப் பெயரில் வைத்திருக்கும் எண் எதையும் பெருக்குவதில்லை. ஒரு சங்கத்தின் கழகங்கள் ஓர் ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளில் எடுத்த புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். வெற்றிக்கு 2, சமனுக்கு 1, தகுதிகாண் சுற்றுகளில் அதில் பாதி, முன்னேறிய கட்டங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். அதை ஆடிய கழகங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஐந்து கழகங்கள் சேர்ந்து 100 எடுத்தால் அந்த ஆண்டுக் கணக்கு 20. இப்படி ஐந்து ஆண்டுகளின் எண்ணைக் கூட்டினால் வருவதுதான் அது. புது ஆண்டு சேரும்போது பழைய ஆண்டு ஒன்று உதிர்கிறது. இடப்பங்கீடு பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஆங்கிலத்திலேயே பொருந்தாமல் வைத்த பெயரை நாமும் கெழு என்று மொழிபெயர்த்துக் கணக்கு ஆசிரியரைக் குழப்பக் கூடாது.

'தரப்புள்ளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதிலும் எனக்குத் தயக்கம். ஐரோப்பாவில் வெகுநாள் ஆடாத கழகத்தின் எண் குறைவாகத்தான் இருக்கும், அது அதன் தரத்தைக் காட்டாது. போலோன்யா 2024இல் இத்தாலி லீக்கில் ஐந்தாவதாக வந்து 1964-65க்குப் பிறகு முதன்முறையாக ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பைக்குள் நுழைந்தது. அந்த அறுபதாண்டு இடைவெளிக்கு முந்தைய ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஆண்டர்லெக்டோடு ஆடிய இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தும் முடிவு தெரியாமல், பார்சிலோனாவில் மூன்றாவது ஆட்டமும் கோலின்றி முடிந்து, நாணயம் சுண்டிப் போட்டு போலோன்யாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட கழகத்திடம் சேர்ந்த புள்ளி இல்லை என்று சொல்லலாம், தரம் இல்லை என்று சொல்ல முடியாது.

என் பரிந்துரை 'திரள்புள்ளி'. ஆண்டாண்டாகத் திரள்வது. லீக் அட்டவணையில் வரும் வெறும் 'புள்ளி'யோடு குழம்பாது. சங்கத் திரள்புள்ளி, கழகத் திரள்புள்ளி என்று இரண்டுக்கும் பொருந்தும்.

போலோன்யாவுக்கு ஐந்தாவது இடத்திலிருந்து வாய்ப்புக் கிடைத்ததே, அந்த ஏற்பாடு 2024-25 பருவத்தில் சாம்பியன்ஸ் லீக் 36 அணிகளாக விரிந்தபோது வந்தது. முந்தைய ஒரு பருவத்தில் மட்டும் அதிகப் புள்ளி சேர்த்த இரண்டு சங்கங்களுக்குத் தலா ஒரு இடம் கூடுதல். முதல் முறை இத்தாலியும் ஜெர்மனியும் அதைப் பெற்றன, ஜெர்மனியில் ஐந்தாவதாக வந்த டார்ட்மண்ட் உள்ளே வந்தது. பட்டியலில் 'ஐரோப்பியச் செயல்திறன் இடம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறீர்கள். 'கூடுதல் இடம்' போதும்.

கவனித்திருப்பீர்கள், எங்கும் 'நாடு' என்று எழுதாமல் 'சங்கம்' என்றே எழுதுகிறேன். யூஃபாவில் 55 உறுப்பினர். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து தனித்தனி. லிக்டென்ஸ்டைனுக்குச் சொந்த லீக்கே கிடையாது, அங்குள்ள கழகங்கள் சுவிட்சர்லாந்து லீக்குகளில் ஆடுகின்றன. உள்ளூர்க் கோப்பை ஒன்று மட்டும் உண்டு. அதை வென்றே ஃபாடுஸ் கழகம் ஐரோப்பாவுக்கு வருகிறது, 2022-23இல் கான்ஃபரன்ஸ் லீக்கின் பிரதான கட்டம் வரை போனது. வேல்ஸ் ஊரான சுவான்சியோ 2013இல் இங்கிலாந்தின் லீக் கோப்பையை வென்று இங்கிலாந்தின் இடத்தில் யூரோப்பா லீக் ஆடியது. இதில் 'நாடு' என்று எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுத வேண்டி வரும்.

கடைசியாக, ஆடுகளத்துக்கு வெளியே நடப்பது. 2025 மே மாதம் கிரிஸ்டல் பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கியது. அந்தக் கழகத்தின் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை. யூரோப்பா லீக் இடமும் சேர்ந்தே வந்தது. ஆனால் பேலஸில் பங்கு வைத்திருந்த ஜான் டெக்ஸ்டருக்கு, அதே போட்டியில் இடம் பெற்றிருந்த பிரான்ஸின் லியோனிலும் பங்கு இருந்தது. ஒருவர் கையில் இரு கழகம் என்ற விதியின்படி யூஃபா பேலஸைக் கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கியது. விளையாட்டு நடுவர் மன்றத்தில் செய்த முறையீடும் ஆகஸ்டில் தள்ளுபடியானது. அந்த யூரோப்பா லீக் இடம் ஃபாரஸ்டுக்குப் போனது. இறுதி நடந்த வெம்பிளி மைதானத்தில் அழுதுகொண்டே பாடிய அந்த ரசிகர்களிடம் போய் 'உங்கள் அணிக்குத் தகுதியில்லை' என்று எந்த மொழியிலும் சொல்லக் கூடாது. தகுதி அவர்களுக்கு இருந்தது, கிடைக்காமல் போனது அனுமதி. ஆகவே 'தகுதியுடைமை' என்ற பதிவை எடுத்துவிட்டு 'பங்கேற்பு அனுமதி' என்று மாற்றக் கேட்கிறேன். ஆண்டுதோறும் கழகங்கள் வாங்க வேண்டியதற்குக் 'கழக உரிமம்' சரியாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. 'பிளே-ஆஃப்' இரண்டு இடத்தில் வருகிறது. ஆகஸ்டில் வருவது தகுதிகாண் சுற்றுகளின் முடிவு, 'கடைசித் தகுதிகாண் சுற்று' என்று சமாளித்துவிடலாம். பிப்ரவரியில் வருவது வேறு: 36 அணிகளும் ஆடும் லீக் கட்டத்தில் 9 முதல் 24 வரை வந்தவர்கள் கடைசி பதினாறுக்குள் நுழைய ஆடுவது. முதல் எட்டு அணிகளுக்கு அது இல்லை. 'இடைச்சுற்று' என்று எழுதிப் பார்த்தேன், அரைகுறையாகத்தான் இருக்கிறது. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவைக் காலியாகவே விட்டுவைப்போம்.

அன்புடன்.