மியூசிக் சாஃப்ட்வேர ரிமூவ் பண்ணப் போயி சவுண்டே போச்சு, இனி ஃபிளாட்பேக் மட்டும்தானா?

சுருதிப்பெட்டி:
பாட்டு ரெக்கார்ட், மிக்ஸ் பண்ற ஆர்டோர் ஒண்ணு வேணும்னு ஆரம்பிச்சு உபுண்டு லினக்ஸ்ல ஒரு ஸ்டூடியோ மெட்டாபேக்கேஜையே (பல சாஃப்ட்வேர ஒண்ணா இறக்கற பேக்கேஜ்) இறக்கிட்டேன். சிந்த், டிரம் மெஷின், நான் திறந்தே பாக்காத எஃபெக்ட்னு மெனு பூரா வந்து உக்காந்துடுச்சு. நேத்து ராத்திரி அந்த மெட்டாபேக்கேஜ ரிமூவ் பண்ணேன், சில கேபிதான் குறைஞ்சுது, மெனு அப்படியே இருக்கு. கடுப்பாகி ஜாக், பைப்வயர்னு பேர் வந்ததெல்லாம் பர்ஜ் (செட்டிங்ஸ் ஃபைலோட சேத்து அழிக்கறது) பண்ணி, இனி தேவைப்படாத பேக்கேஜ அழிக்கற ஆட்டோரிமூவும் குடுத்தேன், ஒய் தட்டறதுக்கு முன்னாடி லிஸ்ட்ட படிக்கல, தப்பு என்னோடதுதான். ரீஸ்டார்ட் பண்ணா சவுண்ட் செட்டிங்ஸ்ல அவுட்புட் இடமே காலியா கிடக்கு.

இனி மியூசிக் சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும், ஆப்ப சிஸ்டத்துலேந்து தனியா வச்சு ஓட்டற ஃபிளாட்பேக்தான்னு முடிவு பண்ணிட்டேன். வேணாம்னா மிச்சமில்லாம போகும், சிஸ்டத்தத் தொடாது. மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

பறைக்கொட்டு:
எனக்கு மாத்துக் கருத்துதான். மெட்டாபேக்கேஜ் ஒரு காலி டப்பா, உள்ள இருக்கறது "இதெல்லாம் போடு"ன்ற பட்டியல் மட்டும். மெட்டாபேக்கேஜ்ங்கற பிரிவுல வர்ற பேக்கேஜப் போட்டா, கூட வர்றதையெல்லாம் நீங்களே கேட்டுப் போட்டதா உபுண்டுவோட பேக்கேஜ் மேனேஜர் ஆப்ட் குறிச்சு வச்சுக்கும், அதனால டப்பாவ எடுத்தாலும் ஆட்டோரிமூவ் கை வைக்காது. அதுபோக வேற ஒரு பேக்கேஜ் அத சும்மா சஜஸ்ட் பண்ணிருந்தாக்கூட விட்டுடும்.

பைப்வயர் மியூசிக் சாஃப்ட்வேரே இல்ல ப்ரோ. உபுண்டு 22.10லேந்து மொத்த டெஸ்க்டாப் சவுண்டும் அது வழியாத்தான் போகுது. வார் ஃபோல்டருக்குள்ள லாக், அதுக்குள்ள ஆப்ட், அதுல ஹிஸ்டரி லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், நேத்து எந்த நேரத்துல எதெல்லாம் போச்சுன்னு வரிவரியா இருக்கும். அதப் பாத்து பைப்வயர், பைப்வயர் பல்ஸ், வயர்பிளம்பர் மூணையும் மொதல்ல திரும்பப் போடுங்க.

தாளக்கட்டு:
பறைக்கொட்டு சொன்ன ரிப்பேர் சரி, ஆனா முடிவு சுருதிப்பெட்டியோடதுதான் சரி. பாட்டு போட வந்த ஒருத்தர் ஹிஸ்டரி லாக்க ஏன் படிக்கணும்? ஃபிளாட்பேக்ல அன்இன்ஸ்டால் கூட டெலீட் டேட்டா ஆப்ஷன் குடுத்தா அந்த ஆப்போட செட்டிங்ஸும் போயிடும், அப்புறம் அனாதையா நிக்கற ரன்டைமுக்கு (ஆப் ஓடத் தேவையான பொது ஃபைல்கள்) அன்யூஸ்ட்னு ஒரு ஆப்ஷன், அவ்ளோதான் வேலை. ஆப்ட்ல ரிமூவ் பண்ணா எட்சி ஃபோல்டர்ல செட்டிங்ஸ் ஃபைல் தங்கும், பர்ஜ் பண்ணாக்கூட ஹோம் ஃபோல்டர்ல இருக்கறது அப்படியே இருக்கும்.

வெர்ஷனையும் பாருங்க. உபுண்டுக்கு அடிப்படையான டெபியனோட 12வது ரிலீஸ் வந்தது 2023 ஜூன், அதுல இருக்கறது ஆர்டோர் 7. அக்டோபர்லயே ஆர்டோர் 8 வந்துடுச்சு. டெபியன்லயே இருந்தவங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல அடுத்த ரிலீஸ் வர்ற வரைக்கும் பழசுதான்.

பறைக்கொட்டு:
ஹோம் ஃபோல்டரத் தொடாததுதான் எனக்குப் பிடிச்சதே. வருஷக்கணக்கா சேத்த பிரீசெட் அங்கதான் இருக்கு.

பிளக்இன் பத்தி நீங்க வாயே திறக்கல. ஃபிளாட்பேக்ல போட்ட ஆர்டோருக்கு சிஸ்டத்துல ஆப்ட் வழியா போட்ட எல்வி2 வகை பிளக்இன் (கம்ப்ரசர், ரிவெர்ப் மாதிரி கூடுதல் கருவி) கண்ணுக்கே தெரியாது, அது தனி அறைக்குள்ள ஓடுது. எல்எஸ்பி, எக்ஸ்42 மாதிரி பிளக்இன்ன ஃபிளாட்பேக் எக்ஸ்டென்ஷனா தனியா போடணும், அதுவும் ஆப் எந்த ரன்டைம் வெர்ஷன்ல ஓடுதோ அதே வெர்ஷன்ல இருக்கணும். ஆப் அப்டேட் ஆகி புது ரன்டைமுக்கு மாறுச்சு, பிளக்இன் இன்னும் மாறலன்னு வைங்க, நேத்து மிக்ஸ் பண்ண செஷன திறந்தா குரல் டிராக்ல இருந்த கம்ப்ரசர் காணோம்னு நிக்கும். எனக்கு அப்படி ஆச்சு, மறுநாள் மிக்ஸ் குடுக்கணும், ராத்திரி பூரா ஆப்ட்டுக்கு மாத்திகிட்டு இருந்தேன். இதுக்கு மெனுல நாலு வேண்டாத ஐகான் இருந்துட்டுப் போகட்டும்.

தாளக்கட்டு:
அந்த ரன்டைம் பிரச்சனை உண்மை, மறுக்க மாட்டேன், எனக்கே ஒரு ரிவெர்ப் அப்படி காணாமப் போயிருக்கு. ஆனா வேலை நடுவுல இருக்கும்போது அந்த ஆப்ப மட்டும் மாஸ்க் பண்ணி அப்டேட்ட நிறுத்தலாம். புதுசா வர்றவங்க ஒரு ஒய் தட்டி சவுண்டையே இழக்கறத விட இது சின்னக் கஷ்டம்தான்னு இப்பவும் சொல்றேன்.

பறைக்கொட்டு:
ஒய் தட்டறதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கலாமே. ஆப்ட் ரிமூவ் கூட மைனஸ் எஸ் சேத்தா எதெல்லாம் போகும்னு காட்டும், எதையும் தொடாது. அந்த லிஸ்ட்ல டெஸ்க்டாப்னு முடியற பேரோ பைப்வயரோ இருந்தா அங்கயே நிறுத்திடணும்.

சுருதிப்பெட்டி:
சவுண்ட் வந்துடுச்சு, ரொம்ப நன்றி. லாக்ல ஒரே பர்ஜ் வரில 31 பேக்கேஜ் இருந்துச்சு, வயர்பிளம்பர் கடைசிக்கு முன்னாடி. அதத் திரும்பப் போட்டு லாக் அவுட் பண்ணி வந்ததும் ஸ்பீக்கர் பேரு லிஸ்ட்ல வந்து நின்னுச்சு. ஆர்டோரும் பிளக்இன்னும் ஆப்ட்லயே வச்சுக்கறேன், பிளக்இன் தேவைப்படாத ஆடியோ எடிட்டர் ஆடாசிட்டிய மட்டும் ஃபிளாட்பேக்ல போட்டுப் பாக்கறேன். தாளக்கட்டு, அந்த மாஸ்க் கமாண்ட முழுசா எழுதிப் போடுங்க.