பூர்வீகத் தோப்பை மனையாகப் பிரித்து விற்க எங்கிருந்து தொடங்குவது?

செங்கோட்டையான்: செங்கோட்டைக்குப் பக்கத்தில் 60 சென்ட் தோப்பு, கூட்டுப் பட்டா. அப்பா, அம்மா இல்லை. நாங்கள் நாலு பேர், அக்கா புனலூரில், நடு அண்ணன் தவறிவிட்டான், மதினியும் 11 வயதுப் பையனும் இருக்கிறார்கள். எட்டு மனையாக விற்கலாம் என்று பேச்சு. தரகர், வெள்ளைத்தாளில் ஆளுக்கு ரெண்டு எழுதிக்கொண்டால் போதும் என்கிறார். மூலப்பத்திரம் மலையாளத்தில், தேதி கொல்லம் 1112. மதினி பங்கில் ஒரு குறையும் வரக்கூடாது, எனக்கு அதுதான் முக்கியம்.

இலஞ்சி: அண்ணாச்சி, வெள்ளைத்தாளை நம்பி இறங்காதீர்கள். பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம்தான் வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் என்றால் ஒரு பங்குக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், எவ்வளவு மதிப்பானாலும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது, பதிவுக் கட்டணத்துக்கு உச்சம் 10,000 (2023 ஜூலைக்கு முன்னால் 25,000, 4,000 என்று இருந்தது). இதை மிச்சம் பிடிக்கப் போய் நிலத்தையே சிக்கலில் விடவேண்டாம்.

பண்பொழி: அதற்கு முன்னால் ஒன்று. மனை அங்கீகாரம் இல்லாமல் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் சார்பதிவாளர் பதியமாட்டார். நாலாகப் பிரித்த பிறகு பாதைக்கு இடம் விடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள், எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பின்பங்கு வழியில்லாமல் கிடக்கிறது. அதனால் நாலு பேரும் சேர்ந்தே நகர் ஊரமைப்புத் துறையில் வரைபட அங்கீகாரம் வாங்கி, மனை எண் போட்டு, அப்புறம் பாகம் பிரியுங்கள். உட்பிரிவுப் பட்டாவும் அவரவர் பேருக்கு வந்தபிறகு விலை பேசலாம்.

இலஞ்சி: அதுவும் சரிதான். பையன் பங்கை மதினி கையெழுத்தில் மட்டும் விற்கவேண்டாம், 1956-ம் வருஷத்து இந்து மைனர், காப்பாளர் சட்டம் 8-ம் பிரிவில் நீதிமன்ற அனுமதி வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 18 வயதானபின் மூன்று வருஷத்துக்குள் அவன் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம், வாங்குகிறவருக்கும் அது ஆபத்து. அவன் மனைகளை இப்போது விற்காமல் அவன் பேரிலேயே வைத்திருப்பது இன்னும் நல்லது.

செங்கோட்டையான்: மதினிக்கும் அந்த எண்ணம்தான். பழைய பத்திரம்? அக்காவால் அடிக்கடி வரவும் முடியாது.

பண்பொழி: கொல்லம் 1112 என்றால் 1936-37, திருவிதாங்கூர் காலம். தமிழில் மொழிபெயர்த்து நோட்டரி சான்றோடு வையுங்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும், முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடவேண்டும். அக்கா புனலூர் சார்பதிவாளர் முன்னாலேயே பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதி உங்களுக்குக் கொடுக்கலாம். பதியும் நாளில் அவர் உயிரோடு இருப்பதற்கான மருத்துவர் சான்று கேட்பார்கள், புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.